வெட்டுக்கிளி, 1984 மாடல்

டிஸ்கி: ஒரு பொம்மைக் காரைப் பத்தி நீளமா எழுதியிருக்கேன். நடுவுல கலிஃபோர்னியா, ஜப்பான், திருவாரூர் எல்லாம் வந்து போகும். பொறுமை இல்லாதவங்க இப்பவே அப்பீட் ஆயிடுங்க, கோச்சுக்க மாட்டேன் :-)

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு பொங்கல் வாரம். துவாக்குடி வீட்டுல இருந்தபடியே லேப்டாப்பைத் தட்டிக்கிட்டிருந்தேன். "பரண்ல வெண்கலப் பானை இருக்கும், எடுத்துக் குடுடா"ன்னு அம்மா குரல். ஏறினேன். பானைக்குப் பின்னாடி ஒரு அட்டைப்பெட்டி. ஒரு மூலையைக் கரையான் முடிச்சிருந்தது. மிச்சமிருந்த மூடியில வெள்ளையா ஒரு வண்டி புழுதியைக் கிளப்பிக்கிட்டுப் பாயற ஓவியம், ஓரத்துல சிவப்பு நீலக் கட்டத்துல ரெண்டு நட்சத்திரம். உள்ள அந்த வண்டியே இருந்தது. ரிமோட் கார் இல்ல மக்களே. டமியா கிராஸ்ஹாப்பர். வெட்டுக்கிளி.

அது என் தாய்மாமாவோடது. பெல்லுல அப்ரண்டிஸ் முடிச்சு, 1984-ல சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு வெல்டரா போனவர். 1986-ல லீவுக்கு வரும்போது கொண்டு வந்திருக்கார். அந்தக் கிட் பெட்டியில காருக்கான பாகம் மட்டும்தான் இருக்கும். ரேடியோ செட் தனி, பேட்டரி தனி, சார்ஜர் தனி. எல்லாம் சேர்த்து மாமாவோட ரெண்டு மாச ஓவர்டைம். மெட்ராஸ் ஏர்போர்ட்ல "இது யாருக்கு?"ன்னு கேட்டப்ப "அக்கா பையனுக்கு"ன்னு சொல்லியிருக்கார். அக்கா பையன், அதாவது அடியேன், பிறக்க இன்னும் 11 வருஷம் பாக்கி இருந்தது!

"எடுத்துக்கட்டா மாமா?"ன்னு போன்ல கேட்டேன். "உன்னை விட மூத்தது மாப்ள. மரியாதையா நடத்து"ன்னார். நான் எப்படி நடத்தினேன்ங்கறது கீழே வருது. அதுக்கு முன்னாடி இந்த வண்டி எங்கிருந்து வந்ததுங்கற கதை.

பக்கின்னா நம்மூர்ல குதிரை வண்டி. வெள்ளைக்காரன் காலத்துச் சொல். அது மணல்ல ஓடற காருக்குப் பேரானது கலிஃபோர்னியாவுல. அங்க 1950கள், 60கள்ல பசங்க பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை வாங்கி, மேல இருக்கற தகரத்தை எல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு கடற்கரை மணல்மேட்டுல ஓட்டினாங்க. ஏன் பீட்டில்? எஞ்சின் பின்னாடி, ஓடற சக்கரத்து மேலயே உக்காந்திருக்கு. அதனால மணல்ல பிடிமானம் ஜாஸ்தி. ரேடியேட்டரே கிடையாது, காத்துலயே ஆறிக்கும். விலை சல்லிசு. 1964-ல புரூஸ் மேயர்ஸ்னு ஒருத்தர் ஃபைபர்கிளாஸ்ல ஒரு தொட்டி மாதிரி பாடி செஞ்சு பீட்டில் பாகங்களை அதுல பூட்டினார். மேயர்ஸ் மான்க்ஸ். 1967-ல அதை எடுத்துக்கிட்டு மெக்சிகோவோட பாஹா பாலைவனத்துல லா பாஸ்லேர்ந்து டிஹுவானா வரைக்கும் 34 மணி 45 நிமிஷத்துல ஓட்டிக் காட்டினாங்க. மோட்டார் சைக்கிள்ல போட்டிருந்த பழைய சாதனையை விட அஞ்சு மணி நேரம் கம்மி. அதே வருஷம் அந்தப் பாலைவனத்துல ரேஸ் ஆரம்பிச்சது, முதல் ரேஸை ஜெயிச்சதும் ஒரு மான்க்ஸ்தான்.

பழைய வண்டியைப் பிரிச்சு, வேண்டாததைக் கழட்டி, வேணுங்கறதைப் பூட்டறது. பக்கிங்கறதே பிறப்புலயே ரிப்பேர் பட்டறைக் குழந்தை. இதை மனசுல வெச்சுக்குங்க.

அடுத்து ஜப்பான், ஷிசுவோகா. 1946-ல யோஷியோ டமியா அங்க ஒரு மரக்கடை ஆரம்பிச்சார். மிச்ச மரத்துல கப்பல், கார்னு மாடல் பொம்மை செஞ்சு வித்தாங்க. 1951-ல தீ விபத்து, எல்லாம் போச்சு. அப்புறம் மாடல்தான் முழுநேரத் தொழில். மரத்துலேர்ந்து பிளாஸ்டிக்குக்கு மாறினப்ப பொறுப்பைத் தோள்ல போட்டுக்கிட்டவர் மகன் ஷுன்சாகு டமியா. போர்ஷே மாடல் செய்யணும்னு நிஜ போர்ஷே 911 காரையே வாங்கிட்டு வந்து பிரிச்சுப் பாத்த மனுஷன். 2025 ஜூலையில 90 வயசுல காலமானார்.

1976-ல வந்த போர்ஷே 934தான் டமியாவோட முதல் ரேடியோ கார். வழவழப்பான தரையில மட்டும் ஓடும். 1979-ல ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர்னு ரெண்டு வந்தது. ரெண்டும் பாஹா பாலைவன வண்டிகளோட நகல். ரெண்டாவது அசல் பீட்டில் உருவம். சஸ்பென்ஷன்ல எல்லாம் வார்ப்பு அலுமினியம், ரேடியோ பாகங்களுக்குத் தண்ணி புகாத தனிப் பெட்டி. அழகுன்னா அழகு. ஆனா கனம், விலையும் அதுக்கேத்த மாதிரி.

அப்புறம் 1984. இந்தத் துறையில அது ஒரு கிளை பிரியற வருஷம்.

ஒரு கிளை அமெரிக்கா. டீம் அசோசியேட்டட் கம்பெனியோட ரோஜர் கர்ட்டிஸ் ஆர்.சி.10னு ஒரு பக்கியைக் கொண்டு வந்தார். அலுமினியத் தகட்டை வளைச்சு, தங்க நிறத்துல அனோடைஸ் பண்ணின தொட்டிதான் சேஸிஸ். நாலு மூலையிலயும் எண்ணெய் ஷாக் அப்சார்பர். நிஜ வண்டி மாதிரி தெரியணும்ங்கற ஆசையே அதுக்குக் கிடையாது, ஜெயிச்சா போதும். 1985-ல கலிஃபோர்னியாவுல டெல் மார்ங்கற ஊர்ல நடந்த முதல் உலகப் போட்டியில டூ வீல் டிரைவ் பிரிவை ஜே ஹால்சி அதை வெச்சுத்தான் ஜெயிச்சார். இன்னிக்கு ரேஸ்ல ஓடற பக்கி எல்லாம் அதோட பேரப்பிள்ளைங்க.

இன்னொரு கிளை நம்ம வெட்டுக்கிளி. கிட் நம்பர் 58043. அதே வருஷம் பின்னாடியே வந்த அண்ணன் ஹார்னெட், குளவி, 58045. இது ரேஸ்காரனுக்கு இல்ல. முதல் தடவையா ஸ்குரூடிரைவர் பிடிக்கற பையனுக்கு. சேஸிஸ் ஒரே பிளாஸ்டிக் தொட்டி. பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் எல்லாம் கிடையாது. மோட்டார், கியர்பாக்ஸ், ஆக்சில் மூணும் ஒரே கட்டையா மேலயும் கீழயும் ஆடும், ரெண்டு ஸ்பிரிங் தாங்கும். பள்ளத்துல விழுந்தா மொத்தக் கட்டையும் எகிறும். வெட்டுக்கிளின்னு சும்மாவா பேரு வெச்சான்!

மோட்டார் 380 சைஸ். 380ன்னா என்னன்னு ரொம்ப நாள் எனக்குப் புரியல. பெரிய சூட்சுமம் ஒண்ணுமில்ல. மோட்டார் டப்பா நீளம் ஏறக்குறைய 38 மில்லிமீட்டர். ஹார்னெட்ல 540, அது ஏறக்குறைய 50 மில்லிமீட்டரைத் தாண்டும். ரெண்டு வண்டிக்கும் கியர்பாக்ஸ் ஒண்ணேதான். வெட்டுக்கிளியில சின்ன மோட்டாரை உக்கார வைக்க ஒரு அடாப்டர் தகடு உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த விஷயம் கதைக்கு ரொம்ப முக்கியம். ஆனா எனக்கு இது லேட்டாத்தான் தெரிஞ்சது.

1986-ல இந்தியாவுல என்ன இருந்ததுன்னு கேட்டா, ஸ்ரீரங்கம் தேர்க்கடையில சாவி குடுக்கற தகரக் கார், உள்ள விளக்கேத்தினா தண்ணித் தொட்டியில டகடகன்னு சுத்தற படகு. கொஞ்சம் வசதியான வீட்டுல வயர் ரிமோட் கார், கார் பின்னாடியே நாமளும் ஓடணும். இந்த மாதிரி சாமான் எல்லாம் இறக்குமதிக் கட்டுப்பாட்டுல இருந்த காலம். 1991-க்கு அப்புறம் கதவு கொஞ்சம் திறந்தது. நுகர்பொருள் மேல இருந்த அளவுக் கட்டுப்பாடு முழுசா போனது 2001 ஏப்ரல்ல. அது வரைக்கும் வெளிநாட்டு மாமா வேணும், இல்லைன்னா மெட்ராஸ் பர்மா பஜார் போகணும். பர்மா பஜார்ல காரே கிடைச்சாலும் அதுக்கு ஒரு கியர் கிடைக்குமா? வாய்ப்பே இல்ல. அதனால இங்க வந்த வண்டி எல்லாம் முதல் பாகம் உடைஞ்ச அன்னிக்கே பரண் ஏறினது. மாமாவோடது மூணு வருஷம் ஓடிச்சாம். பேட்டரி செத்ததும் அதுவும் ஏறிடுச்சு.

சரி, என் குற்றப் பத்திரிகைக்கு வருவோம்.

வண்டியைக் கீழ இறக்கினதும் இஞ்சினியர் மூளை வேலை செய்ய ஆரம்பிச்சது. நாலு வருஷம் படிச்ச படிப்பாச்சே, சும்மா இருக்குமா. 380 மோட்டாரைப் பாத்து சிரிச்சேன். ஆன்லைன்ல ஒரு பிரஷ்லெஸ் மோட்டார், அதுக்கு ஏத்த எலக்ட்ரானிக் கண்ட்ரோலர், ரெண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி. பேட்டரி ஒழுங்கா உள்ள போகல. அந்தக் குழி உருளை செல்லுக்காக ஓரம் வளைச்சு வார்த்தது, என் பேட்டரி செங்கல் மாதிரி சதுரம். குழியோட ஓரத்தை ஹேக்ஸா பிளேடால அறுத்தேன். ஆமா, அறுத்தேன். எழுதும்போதே கை கூசுது.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னாடி பொட்டல்ல விட்டேன். முதல் தடவை திராட்டிலை அமுக்கினதும் வண்டி மல்லாந்தது. ரெண்டாவது தடவை அம்பு மாதிரி போச்சு. தெருப் பசங்க விசில். மூணாவது தடவை 'கர்ர்ர்'னு ஒரு சத்தம், மோட்டார் மட்டும் ஊளையிடுது, சக்கரம் சுத்தல. பிரிச்சுப் பாத்தா டிஃபரன்ஷியல் உள்ள இருக்கற பல்சக்கரம் நாலுல ரெண்டு மழுங்கிப் போச்சு, அதைச் சுத்தி இருக்கற பிளாஸ்டிக் கியர் விரிசல். கியர்பாக்ஸைத் தாங்கற இடத்துல சேஸிஸ்லயும் ஒரு கீறல். 1986-லேர்ந்து பிழைச்சு வந்த வண்டி, என் கையில ஒரு சாயங்காலம் தாங்கல.

இப்ப யோசிச்சா காரணம் பள்ளிக்கூடப் பாடம். ஒரு வண்டியில சக்தி போற வழி ஒரு சங்கிலி. மோட்டார், பினியன், பல்சக்கரங்கள், டிஃபரன்ஷியல், ஆக்சில், டயர். 1984-ல அதை வரைஞ்சவன் ஒவ்வொரு கண்ணியையும் அந்தச் சின்ன மோட்டாருக்கும், மிஞ்சிப்போனா 540-க்கும் கணக்குப் போட்டு வெச்சான். நான் முதல் கண்ணியை மட்டும் பல மடங்கு பலமாக்கினேன். அறுந்தது அடுத்த கண்ணி.

மாமா ஞாயித்துக்கிழமை வந்தார். பிரிச்சுப் போட்ட வண்டியை, அறுத்த ஓரத்தை, மழுங்கின பல்லை ஒவ்வொண்ணா பாத்தார். ஒண்ணும் சொல்லல. காபி குடிச்சார். "இந்த நட்டு போல்ட் எல்லாம் தொலைஞ்சுடாம ஒரு டப்பாவுல போட்டு வை"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார். திட்டியிருந்தா தேவலாம்னு இருந்தது.

அன்னிக்கு ராத்திரிதான் மேல சொன்ன வரலாறு எல்லாம் படிக்க ஆரம்பிச்சேன். குற்ற உணர்ச்சியில வந்த ஞானம், ஹி ஹி.

படிச்சதுல தெரிஞ்ச முதல் விஷயம், இந்த வண்டிங்க செத்துப் போய் மறுபடி பிறந்திருக்கு. 80கள்ல இதை வெச்சு விளையாடின பசங்களுக்கு 2000கள்ல நாப்பது வயசு நெருங்கிச்சு. கையில காசு. பழைய கிட்டுக்கு ஏலத்துல விலை எகிறிச்சு. டமியா பழைய மாடல்களை மறுபடி வார்க்க ஆரம்பிச்சது. 2004-ல ஹார்னெட். 2005-ல கிராஸ்ஹாப்பரும் தவளையும், அதாவது ஃப்ராக். 2007-ல ஹாட்ஷாட். ரஃப் ரைடர் 2009-ல பக்கி சாம்ப்ங்கற பேருல வந்தது, 2010-ல சாண்ட் ஸ்கார்ச்சர். மத்தவங்களும் சும்மா இருக்கல. ஆர்.சி.10 2013-லயும், கியோஷோவோட ஸ்கார்ப்பியன் 2014-லயும் திரும்ப வந்தது.

சும்மா அப்படியே வார்க்கல. பழைய ஃப்ராக்ல சக்கரத்துக்குப் போற அறுகோணத் தண்டு தேய்ஞ்சு உருண்டையாகி வழுக்கும். எல்லாருக்கும் தெரிஞ்ச நோய் அது. மறுபிறப்புல அதை எடுத்துட்டு, ரெண்டு முனையிலயும் குமிழ் வெச்ச தண்டு போட்டாங்க. கம்பெனியே 20 வருஷம் கழிச்சு தன் வண்டியை ரிப்பேர் பண்ணின மாதிரி.

இதுல பழைய வண்டிக்காரனுக்கு லாபம் பாகம் கிடைக்கறது. ஆனா இதை சேகரிக்கறவங்க நடுவுல ஒரு தீராத சண்டையும் உண்டு. 2005 பாகம் போட்ட 1984 வண்டி அசலா, இல்லையா? தாத்தா காலத்து அருவாள், பிடியை மூணு தடவை மாத்தியாச்சு, அலகை ரெண்டு தடவை மாத்தியாச்சு, இருந்தாலும் அதே அருவாள்தான்னு நம்மூர்ல ஒரு ஜோக் இருக்கே, அதே கேஸ்.

இந்த இடத்துல என்னால திருவாரூரைத் தொடாம போக முடியல. ஆழித்தேர், சுமார் 96 அடி உயரம், 300 டன் எடைன்னு சொல்லுவாங்க. பழைய தேர் 1920கள்ல எரிஞ்சு போய், புதுசா செஞ்சாங்க. அதுவும் பல வருஷம் ஓடாம நின்னுச்சு. 1970-ல மறுபடி ஓடினப்ப அதுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செஞ்சு குடுத்தது யாரு தெரியுமா? எங்க வீட்டுலேர்ந்து கூப்பிடு தூரத்துல இருக்கற திருச்சி பெல். பாய்லர் செய்யறவன் தேருக்குப் பிரேக் போட்டான். ஆனா தேர்வீதியில திரும்பறதுக்கு இன்னிக்கும் அதே மரக்கட்டைதான், சக்கரத்துக்கு அடியில ஆள் முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்பணும். எதை மாத்தணும், எதை விடணும்னு உக்காந்து யோசிச்சிருக்காங்க. அந்த எடையைத் தாங்க வேண்டிய இடத்துல இரும்பு, நிறுத்த வேண்டிய இடத்துல ஹைட்ராலிக்ஸ். இழுக்கறதுக்கு எஞ்சின் வெக்கல பாருங்க. அந்த வேலையை நான் பாத்திருந்தா முதல்ல எஞ்சினைத்தான் வெச்சிருப்பேன்.

சரி, பட்டறைக்கு வருவோம். இந்த மாதிரி பழசு யார்கிட்டயாவது இருந்தா உபயோகப்படும்னு கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

முதல்ல ஸ்குரூ. ஜப்பான் ஸ்குரூ தலையில இருக்கற கூட்டல் குறி நம்ம ஸ்டார் ஸ்குரூடிரைவர் கூட்டல் குறி இல்ல. பாக்க ஒரே மாதிரி இருக்கும். ஆனா நம்ம ஊரு பிலிப்ஸ் முனை ஆழமா உக்காராம நழுவும், தலையைச் செதுக்கிடும். ஜப்பானியத் தரத்துக்கு ஜே.ஐ.எஸ்.னு தனி முனை உண்டு. மாமா பாதி ஸ்குரூ தலையை 1986-லயே செதுக்கி வெச்சிருந்தார். அதைப் பாத்ததும் மனசுக்கு லேசா ஒரு ஆறுதல், ஹி ஹி.

பேட்டரி நிக்கல் காட்மியம், 1.2 வோல்ட் செல் ஆறு சேர்த்து 7.2 வோல்ட். செல் கசிஞ்சு முனையில பச்சையும் வெள்ளையுமா பூத்திருந்தது. உள்ள இருக்கறது ஆசிட் இல்ல, காரம். அதனால வினிகரை பஞ்சுல தொட்டுத் துடைச்சா கரையும். காட்மியம் விஷம், குப்பைத் தொட்டியில போடாதீங்க. கையுறை போட்டு எடுத்து, மின்குப்பை வாங்கறவங்ககிட்ட குடுங்க. புதுசா அதே வடிவத்துல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி கிடைக்குது, நான் அறுத்த குழியிலயும் சமத்தா உக்காந்தது.

வேகக் கட்டுப்பாடு ஒரு அதிசயம். எலக்ட்ரானிக்ஸே கிடையாது. ஒரு சர்வோ மோட்டார் ஒரு செம்புக் கையை இப்படியும் அப்படியும் நகர்த்தும், அது தகடுகள் மேல உரசும். மெதுவா போகணும்னா கரண்ட் ஒரு பீங்கான் ரெசிஸ்டர் வழியா போகும். பழைய வீடுகள்ல ஃபேன் ரெகுலேட்டர் ஒரு பெரிய டப்பாவா இருக்குமே, ஒண்ணுல வெச்சாலும் ரெகுலேட்டர் சுடுமே, அதே கதைதான். வேகத்தைக் குறைக்கல, உஷ்ணமா எரிச்சுத் தள்ளுது. இப்ப வர்ற எலக்ட்ரானிக் கண்ட்ரோலர் சுவிட்சை செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை போட்டு அணைக்குது, அதனால வீணாறது ரொம்பக் கம்மி. புத்தி புதுசைப் போடச் சொல்லிச்சு. ஆனாலும் அந்த செம்புக் கை நகர்றதைப் பாத்துட்டா தூக்கிப் போட மனசு வராது. நைஸ் உப்புத்தாள் போட்டு தேச்சேன், பளபளன்னு வந்தது. அது அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

ரேடியோ 27 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்துல ஒரே கிரிஸ்டல் போட்ட ரெண்டு வண்டி ஒண்ணா ஓட முடியாது, என் ஸ்டியரிங்கை உன் ரிமோட் திருப்பும். பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம்னு ஆறு நிறத்துல கொடி வெச்சு யார் எந்த அலைவரிசைன்னு அடையாளம் காட்டுவாங்க. மாமாவோடது சிவப்பு. துவாக்குடியில அவருக்கு எதிர்ப்பே இல்ல, ஊர்ல ஒரே வண்டி! ரிசீவர் உள்ள துருப்பிடிச்சுப் போயிருந்ததால இதை மட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்தினேன். அந்த அலைவரிசையைக் குறைஞ்ச சக்தியில பயன்படுத்த லைசென்ஸ் வேண்டாம்னு 2005-ல விதி வந்தாச்சு. கிரிஸ்டலும் வேண்டாம், கொடியும் வேண்டாம்.

அடுத்தது பேரிங். வண்டியில அச்சு சுத்தற இடத்துல எல்லாம் பிளாஸ்டிக் புஷ்தான். உள்ள மணல் போனா அச்சையே தின்னும். டமியாக்காரங்க இதுக்கு 1150ன்னு பேர் சொல்லுவாங்க, 5 மில்லிமீட்டர் துளை, 11 விட்டம், 4 தடிமன். டவுன்ல பேரிங் கடையில "1150 குடுங்க"ன்னா அந்தண்ணன் என்னை ஏற இறங்கப் பாத்தார். 5, 11-ன்னு அளவு சொன்னதும் 685-ஐ எடுத்துக் குடுத்தார். வீட்டுக்கு வந்து பாத்தா தடிமன் 5. ஒரு மில்லிமீட்டர் ஜாஸ்தி, சக்கரம் உள்ள உக்காரவே இல்ல. நம்ம கடையில கேக்க வேண்டிய நம்பர் எம்.ஆர்.115. யாராவது பஸ் செலவை மிச்சம் பண்ணட்டும்னுதான் இதை இவ்வளவு தெளிவா எழுதறேன்.

அவங்க வரவழைச்சுக் குடுக்கறதுக்குள்ள எனக்குப் பொறுமை இல்ல. சிட்கோவுல தெரிஞ்ச ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். ஒரு காலத்துல பெல் ஆர்டர்ல ராத்திரி பகலா ஓடின பட்டறை. 2010கள்ல ஆர்டர் குறைஞ்சு சுத்தியிருந்த பல ஷெட்டு பூட்டினப்ப தாக்குப்பிடிச்ச சிலதுல ஒண்ணு. பாய்லருக்கு ஆளுயரப் பைப்பு கடையற மெஷின்ல, அந்தண்ணன் ஒரு துண்டு கன்மெட்டலை மாட்டி சுண்டுவிரல் நகம் சைஸுக்கு நாலு புஷ் கடைஞ்சு குடுத்தார். "எதுக்கு தம்பி இது?" "பொம்மைக் கார்ண்ணே." ஒரு நிமிஷம் பாத்தார். "டீ காசு குடு போதும். ஓடினா கொண்டாந்து காட்டு."

சேஸிஸ் கீறலுக்கு அசிட்டோன். மாமா சத்தம் போடாம ஒரு நல்ல காரியம் பண்ணியிருந்தார். பாகங்களைப் பிச்சு எடுத்த பிறகு மிச்சமான பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கிப் போடாம அதே பெட்டியில வெச்சிருந்தார். அதுல ஒரு துண்டை அசிட்டோன்ல போட்டேன், கூழா கரைஞ்சது. அந்தக் கூழை கீறல்ல தடவினா, ஒட்டறது இல்ல, பிளாஸ்டிக்கோட பிளாஸ்டிக் கலந்து ஒண்ணாயிடுது. கிட்டத்தட்ட வெல்டிங். ஹார்னெட் வெச்சிருக்கறவங்க அதோட பாடியில மட்டும் இதைச் செஞ்சுடாதீங்க, அது பாலிகார்பனேட், அசிட்டோன் பட்டா வெளுத்து வெடிச்சுடும்.

மிச்சம் டிஃபரன்ஷியல். அதை லேத்துல கடைய முடியாது. மறுபிறப்பு கியர் செட்டு இருக்கு, ஆனா வெளிநாட்டுலேர்ந்து வரணும். பொம்மை மேல இறக்குமதி வரி 2020-ல 20-லேர்ந்து 60 சதவீதம் ஆச்சு, 2023-ல 70. உள்ளூர்ப் பொம்மைத் தொழிலைக் காப்பாத்தன்னு காரணம் சொன்னாங்க, அதுல நியாயம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். 2021-லேர்ந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். ஆனா 1984 வண்டிக்கு ஒரு பல்சக்கரம் தேடறவன் எந்தத் தொழிலைக் கெடுக்கப் போறான் சொல்லுங்க! கடைசியில மாமாவோட பழைய ரூம்மேட் பையன் சிங்கப்பூர்லேர்ந்து திருச்சிக்கு வந்தப்ப, கோடாலித் தைல டப்பாக்களுக்கு நடுவுல கியர் பை வந்து சேர்ந்தது. 1986-ல எந்த வழியா வந்துச்சோ, அதே வழி.

எல்லாம் பூட்டினேன். பிரஷ்லெஸ்ஸை ஏறக்கட்டிட்டு, மாமாவோட அதே 380 மோட்டாருக்குத் தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, அதையே திரும்ப வெச்சேன். அசலுக்குக் கிட்டத்துல கொண்டு வந்துட்டோம், மாமா மனசு குளிரும்னு எனக்குள்ள ஒரு பெருமிதம்.

போன மாசம் மாமாவைக் கூப்பிட்டு வந்து அதே பொட்டல்ல நாற்காலி போட்டு உக்கார வெச்சு ரிமோட்டைக் கையில குடுத்தேன். லேத் அண்ணனும் வந்திருந்தார். மாமா கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு திராட்டிலை மெதுவா அமுக்கினார். செம்புக் கை 'டக்'னு நகர்ந்தது. வண்டி புழுதியில ஓடிச்சு, ஒரு கல்லுல ஏறி எகிறிக் குதிச்சது, தெருப் பசங்க பின்னாடியே ஓடினாங்க. ரெண்டு ரவுண்டு. மாமா முகத்துல சிரிப்பு வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். லேசா உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன மாமா?"

"அப்பவே இப்படித்தான் மாப்ள இருந்துச்சு. மெதுவு."

"..."

"எனக்கு ஹார்னெட்டுதான் வேணும்னு ஆசை. காசு பத்தல, இதை வாங்கினேன். இதுலயே பெரிய மோட்டார் போடலாம், அந்த அடாப்டரைக் கழட்டினா போதும்னு கடைக்காரன் சொன்னான். அடுத்த மாச சம்பளத்துல வாங்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள உங்கம்மா கல்யாணம்."

அன்னிக்கு என்னைத் திட்டாததுக்கு இதான் காரணமான்னு கேட்டேன். "நீ குழியை அறுத்ததுக்குக் கோவம்தான். மோட்டார் மாத்தினதுக்கு இல்ல"ன்னார்.

540 மோட்டார் அடுத்த வாரமே வந்துடுச்சு. அடாப்டரைக் கழட்டினது மாமாதான், ஜே.ஐ.எஸ். ஸ்குரூடிரைவர் நான் குடுத்தேன். பழைய 380-யையும் மழுங்கின ரெண்டு பல்லையும் ஒரு டப்பாவுல போட்டு, கரையான் தின்ன அந்தப் பெட்டியிலயே வெச்சிருக்கேன். வண்டி இப்ப மாமா வீட்டுல இருக்கு. பேட்டரிக் குழிக்கு நான் அறுத்த அளவுல ஒரு துண்டு வெட்டி ஒட்டித் தரணும்னு நேத்து போன் வந்தது, சட்டத்துல இன்னும் கொஞ்சம் பிளாஸ்டிக் மிச்சம் இருக்கு.